சூட்டோடு பார்க்கச் சொன்ன ரூபி

ரூபியின் கணவர் வின்சென்ட் அண்ணனின் போன் வந்தபோது நான் மில்லில் நூலின் பலம் பார்க்கும் மெஷின் முன்னால் நின்றிருந்தேன். "மாரி, ரூபி போயிட்டாம்மா" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகும் செய்தி இதுதான் என்று மனசுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? முதலில் வந்தது கோபம். அழுகை வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் அவளை "அமைதியே உருவான சகோதரி" என்று புகழ்ந்தார். ராஜபாளையம் மில்லில் அவளோடு வேலை பார்த்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மில்லுக்குக் காற்றழுத்தித் தரும் கம்பரசர் ரூமில் அவள் போடும் சத்தம் எங்கள் பிரிவு வரைக்கும் கேட்கும். செத்துப்போனவள் என்பதற்காகப் பொய் சொல்ல வேண்டுமா? அவளைத் தெரிந்தவர்களுக்காக உள்ளதைச் சொல்கிறேன். ரூபி அமைதியானவள் இல்லை. பிடிவாதக்காரி. எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி.

வத்திராயிருப்புப் பக்கம் வின்சென்ட் அண்ணனுக்குத் தென்னந்தோப்பு உண்டு. அங்கே தகரக் கொட்டகையில் ஒரு பழைய பெட்ரோல் கார் நின்றது. அடிபட்ட டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவை ரூபியே அதில் பொருத்தினாள். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற சாமான் அது. அந்தக் காற்றைக் குளிரவைக்கும் பெட்டி ஒன்றையும் முன்பக்கம் மாட்டினாள். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது, தோப்புக்குள் மட்டும்தான். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று அவள் அண்ணன் கேட்டதற்கு, "ஏன், பொம்பள ஓட்டுனா பெட்ரோல் எரியாதோ?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு கோளாறு. வண்டி கிளம்பியதும் காற்றழுத்தம் காட்டும் ஊசி ஜோராக ஏறும். தோப்பைச் சில சுற்று வந்ததும் தளர்ந்து விழுந்துவிடும். எங்கோ காற்று கசிகிறது.

மில்லில் காற்றுக் குழாய்க் கசிவை விடுமுறை நாளில்தான் பார்ப்பார்கள். மெஷின்கள் எல்லாம் அடங்கினால்தான் உஸ்ஸென்ற சத்தம் காதில் விழும். எங்களுக்கும் அதே பழக்கம். ரூபிக்குச் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போவோம். காரை ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து, குழாயின் வாயை அடைத்துப் பம்பால் காற்றடிப்போம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒரு குமிழி வராது. கிளாம்பை இறுக்கினாள், ரப்பர் குழாய்களை மாற்றினாள், டர்போவையே கழற்றி மாட்டினாள். மறு ஞாயிறும் ஊசி விழும். நான் சலித்துக்கொண்டால், "ஏட்டி, காத்து என்ன மாயமா? போற எடம்னு ஒண்ணு இருக்கும்லா" என்பாள்.

பிறகு புற்றுநோய் வந்தது. பெட்ரோல் புகைதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதினார்கள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சரியாக ஓடாத வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று ரூபியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே அவள் அண்ணன் பேச்செடுத்தார். "நான் செத்தாலும் அது ஓட்ட வண்டின்னு பேரெடுக்கக் கூடாது" என்று ரூபி வின்சென்ட் அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாக அவளைப் பார்த்த அன்று, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி மாரி, நாம எப்பவும் ஆறுன பொறவுதான பாத்தோம்? சூட்டோட பாரு. செத்த நேரம் ஓட்டிட்டு ஒடனே பாரு." மில் பழக்கம் எங்கள் கண்ணைக் கட்டியிருக்கிறது. "கூறுகெட்ட மில்லுக்காரிக ரெண்டு பேரும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு ரூபியின் அண்ணன் பழைய இரும்பு வியாபாரியைத் தோப்புக்கே கூட்டிவந்துவிட்டார். "மாப்ள, இத வச்சு என்ன செய்யப் போறீக?" வின்சென்ட் அண்ணன் எதிர்த்துப் பேசி அறியாதவர். தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "செத்த நேரம் பொறுங்க. கசிவு எங்கன்னு நான் காட்டலைன்னா ஏத்திட்டுப் போங்க" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனாலும் சொன்னேன்.

வின்சென்ட் அண்ணன் ஊசி விழும்வரை தோப்பைச் சுற்றிவிட்டு வந்தார். கொதிக்கக் கொதிக்கக் காற்றடித்தோம். தடவிய சோப்புத் தண்ணீர் அந்தச் சூட்டில் உடனே காய்ந்துபோனது. கொண்டுபோயிருந்த மில் பஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, இணைப்பு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம், காற்றைக் குளிரவைக்கும் பெட்டியில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரத்தில் பஞ்சு வெடுக்கென்று விலகியது. மறுபடி காட்டினேன். மறுபடியும் விலகியது. சூட்டில் திறந்து, ஆறினால் மூடிக்கொள்கிற வெடிப்பு. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் பேசியவர் இரும்பு வியாபாரிதான். "இதே பெட்டி ஒண்ணு நம்ம கடையில கெடக்கு. நல்லாத்தான் இருக்கு."

போன ஞாயிறு அதை மாட்டினோம். தோப்பை எத்தனை சுற்று வந்தும் ஊசி விழவில்லை. வின்சென்ட் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார்.

கார் அவருடையது. ரூபியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவளுடைய வாயைத்தான். அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்த அவள் அண்ணன் பெருமூச்சு விட்டு, "பாவம், இதக் கண்டுபிடிக்க அவளுக்குக் குடுத்து வைக்கல" என்றார். முன்பானால் பேசாமல் இருந்திருப்பேன்.

"கண்டுபிடிச்சதே அவதான்" என்றேன். "நீங்கதான் இப்பப் பாக்குறீக."