இரண்டாவது சரணத்தில் ஒரு கதவு

பெரம்பலூரில் மகளின் பள்ளி ஆண்டு விழா ஒத்திகை. "பழைய கேசட்டுப் பாட்டுங்க மேடம், ஸ்டெப்புக்குத் தோதா இருக்கும்" என்று டான்ஸ் மாஸ்டர் செல்போனைத் தட்டினார். கீபோர்டு தாளம் கிளம்பியதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். பாடுவது என் அம்மா.

நான் சிறுமியாக இருந்தபோது குன்னத்தில் குடியிருந்தோம். எதிர்வீட்டு ஆடல் பாடல் குழு, சினிமாப் பாட்டுகளைக் கீபோர்டிலேயே புதிதாகப் போட்டு ஒரு கேசட் தயாரித்தது. அம்மாவைப் பாடக் கூப்பிட்டார்கள்.

"அந்தக் கூத்தாடிப் பசங்களோட பாடுனே, வூட்டுப் படியேறக் கூடாது" என்றார் அப்பா.

அவர் அரியலூர் போன ஒரு பகலில், எங்கள் வீட்டிலேயே பதிவு நடந்தது. ஜன்னலில் போர்வை. ஃபேனை நிறுத்தியதில் அறை முழுக்க வியர்வையும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும். நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது சரணத்தில் கதவு இடிபட்டது. டம். என் கைக்குள் தாழ்ப்பாள் அதிர்ந்தது. திறக்காதே என்று அம்மா தலையசைத்தாள், குரல் பிசகவில்லை. அடுத்த இடிக்குச் சரியாகக் கீபோர்டு வாசித்த மாமா டிரம் ஒலியைச் சேர்த்து அதையும் தாளமாக்கினார். டம். டம்.

பாட்டு முடிந்த பிறகுதான் அப்பாவுக்குக் கதவைத் திறந்தாள். "பாடி முடிச்சிட்டேங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

இதோ, இரண்டாவது சரணம். என் விரல்கள் நாற்காலியை இறுக்கின.

"இந்த எடத்துல ஓங்கி மிதிக்கணும்!" என்று மாஸ்டர் கத்தினார்.

அப்பா இடித்த ஒவ்வொரு இடிக்கும், என் மகள் சிரித்தபடி மேடையை மிதித்தாள்.