கப்பு ஜெயித்த முட்டி

கால்பந்து என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அந்த வருஷத்து லீக்கையும் கப்பையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆண்களுக்கு வாய் மூடாது. யார் எந்தப் பக்கம் வெட்டிக்கொண்டு போனான், யார் தலையால் முட்டினான், பட்டாளத்து டீமின் கோல்கீப்பர் எப்படி மண்ணைக் கவ்வினான் என்று கிழவர்களான பிறகும் பேசுகிறார்கள். பேசட்டும். அந்த சீசனில் அவர்கள் பந்தைப் பார்த்தார்கள், நான் ஒரு மனுஷனைப் பார்த்தேன். அதனால் என் கதை வேறு மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரரைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஓர் இரும்புப் பட்டறையில் வேலைக்கு எடுத்தார்கள். கைக்காக எடுக்கவில்லை, காலுக்காக எடுத்தார்கள். அந்தக் காலத்தில் பட்டறை, கம்பெனி என்று கொஞ்சம் பெயர் எடுத்த இடத்துக்கெல்லாம் ஒரு டீம் உண்டு. எந்தக் குப்பத்தில் எவன் நன்றாக ஆடுகிறான் என்று ஆள்விட்டுப் பார்த்து, அவனைக் கூப்பிட்டுத் தற்காலிக வேலை கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பந்து வேலை என்று பெயர். பந்து வேலைக்காரனுக்குத் தகரப் பில்லை கொடுப்பார்கள், நிரந்தரக்காரனுக்குப் பித்தளைப் பில்லை. காலையில் கேட்டில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். தகரத்தை எந்தச் சனிக்கிழமை வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பித்தளை கைக்கு வந்துவிட்டால் வயசாகி ஓயும்வரை சோற்றுக்குக் கவலையில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அந்தப் பித்தளைதான்.

பட்டறையின் தலைமை குமாஸ்தாதான் டீமுக்கு செகரட்டரி. நெற்றியில் சந்தனமும் கையில் குடையுமாக இருப்பார். பந்தை அவர் ஒரு நாளும் காலால் தொட்டு நான் கேள்விப்பட்டதில்லை. "இந்த சீசன் நல்லபடியா முடியட்டும், உன் பில்லையை மாத்தித் தரது என் பொறுப்பு" என்று இவரிடம் சொல்லியிருந்தார். இவர் அதைச் சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டார்.

டீம் சட்டை வெள்ளை, கழுத்தில் நீலப் பட்டை. சட்டை கம்பெனிச் சொத்து, துவைப்பது மட்டும் ஆட்டக்காரன் வீட்டுப் பொம்பளையின் வேலை. ராயபுரத்தில் வெள்ளைத் துணியை வெள்ளையாக வைத்துக்கொள்வது என்ன பாடு என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகிற நாளில் கொடியில் துணி போட்டால், எடுக்கும்போது அது அடுப்படித் துணி. அதனால் சட்டையைக் குழாயடியில் சவுக்காரம் போட்டுக் கசக்கி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, ஒண்டிக் குடித்தன வீட்டுக்குள்ளேயே அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்படித்தான். எங்கள் ஆட்கள் பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு ஆடுவார்கள். கணுக்காலில் சுற்றிக்கொள்ள என் பழைய புடவையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். கடைசியில் எனக்கு மாற்றிக் கட்டப் புடவை இல்லை.

லீக்கில் எங்கள் பட்டறை இரண்டாவதாக வந்தது. தெருவே குதித்தது. அடுத்துக் கப்பு ஆட்டங்கள் தொடங்கின. தோற்றவன் வெளியே போகிற ஆட்டம் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஆண்கள் சாப்பாட்டை மறந்தார்கள். அரையிறுதி பெரம்பூர்ப் பக்கத்து மைதானத்தில் நடந்தது. ஆளுக்கொரு கோல் போட்டு டிராவில் முடிந்தது. மறுபடி ஆட வேண்டும் என்றார்கள்.

அந்த மறு ஆட்டத்து நாளில்தான் வம்பு வந்தது. பில்லை மாற வேண்டுமானால் கம்பெனி டாக்டர் பார்த்து உடம்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். டாக்டர் மாதத்தில் ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல்தான் பட்டறைக்கு வருவார். அன்றைக்கு இவரை வரச்சொல்லிவிட்டார்கள். அதே நேரத்தில்தான் டீமும் பெரம்பூருக்குக் கிளம்ப வேண்டும்.

"டாக்டராண்ட போய்ட்டு வந்துடுய்யா. ஒரு ஆட்டத்துக்கு வேற ஆளே இல்லியா?" என்றேன்.

"இன்னாமே பேசுற? நான் போகாங்காட்டி ரைட் சைடுல எவன் ஓடுவான்? செகரட்டரி அய்யா சொல்லிக்கீறாரு, அட்த்த மாசம் பாத்துக்கலாமாம். கப்பு வந்துட்டா மெடிக்கலெல்லாம் சும்மா பேருக்காம்."

"அட்த்த மாசம் உன் காலு இதே மாதிரி இருக்கும்னு அவரு எய்திக் குடுத்தாரா?"

இப்படிக் கேட்டதும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யக்கா, ஆளுங்கள சுத்தல்ல வுட்டு அடிக்கிறவனுக்கு மெடிக்கல் இன்னாத்துக்கு? மைதானத்துல ஊரே பாத்துகினு கீதே, அதுக்கு மேல டாக்டரு இன்னா பாக்கப் போறாரு?" என்றார். தெருவில் எல்லாரும் அதையே சொன்னார்கள். பூட்ஸ்காரனுக்கு எதிராக வெறுங்காலில் ஓடுகிறவனின் உடம்பை ஒரு டாக்டர் சோதிப்பதா என்று அவர்களுக்கு அது அவமானமாகவே பட்டது. கப்புதான் பில்லை என்று நம்பினார்கள். இந்த மாதிரி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் பக்கத்து ஆண்களால்தான் செய்ய முடியும். மயிலாப்பூர்க்காரனாக இருந்தால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு, கால் வலிக்கிறது என்று ஆட்டத்துக்கு லீவு சொல்லியிருப்பான்.

மறு ஆட்டத்தில் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் கோட்டையிலிருந்து வந்த பட்டாளத்து டீமோடு.

அன்றைக்கு நான் போகவில்லை. எங்கள் தெருப் பெண்கள் மைதானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. சாயங்காலம் பேண்டு சத்தம் கேட்டது. கூட்டம் தெருவுக்குள் திரும்பியபோது இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரெல்லாம் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்கிறது, தோளில் தூக்கி வந்தோம் என்று. அவரால் நடக்க முடியவில்லை. அதனால் தூக்கினார்கள். கீழே இறக்கிவிட்டதும் ஒரு காலில் நின்று என் தோளைப் பிடித்தார். உடம்பின் பாரம் முழுக்க என்மேல் இறங்கியது.

பாதி ஆட்டம் முடிவதற்குள் ஒரு பட்டாளத்தானின் பூட்ஸ் இவர் முட்டியில் இறங்கியிருக்கிறது. அடிபட்டவனுக்குப் பதிலாக வேறு ஆளை இறக்கும் ஏற்பாடு அப்போது கிடையாது. செகரட்டரி ஓரத்தில் நின்று, "எழுந்திருப்பா, உன்னை நம்பித்தானே இருக்கோம்" என்று கத்தினாராம். இவரும் எழுந்தார். முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினார். கடைசியில் விழுந்த ஒரே கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தது இவர்தான்.

எங்கள் வீட்டு வாசலிலேயே அந்த வெள்ளிக் கப்பில் சர்பத்தை ஊற்றி ஆளாளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். முதல் வாய் செகரட்டரி குடித்தார். இவர் முறை வருவதற்குள் சர்பத் தீர்ந்துவிட்டது. ஒருத்தனுக்கும் அது உறைக்கவில்லை. இவர் சிரித்துக்கொண்டே வெறும் கப்பை வாயில் கவிழ்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கப்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருக்க வேண்டும்.

உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்து முட்டிக்குக் கட்டுப் போட்டேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் வீக்கம் வற்றியிருந்தது, ஆனால் முட்டி மடங்கவில்லை. ஒரு அளவுக்கு மேல் மடக்கினால் உயிர் போகிறது என்றார். அந்தக் காலோடுதான் அடுத்த மாசத்து டாக்டரிடம் போனார். நானும் கூடப் போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே நடந்ததை இவரே சொன்னார். கண்ணைப் பார்த்தாராம், நெஞ்சில் குழல் வைத்தாராம், இருமச் சொன்னாராம். எல்லாம் சரி. குந்தி உட்கார்ந்து எழுந்திரு என்றாராம். இவரால் முடியவில்லை.

"இந்த முட்டி எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டாராம்.

கடைசி ஆட்டத்தன்று முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டியவர் இதே டாக்டர். இவர் கண்ணாலேயே அதைப் பார்த்திருக்கிறார். "விளுந்துட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாராம். எதற்காக விழுந்தாய் என்று அந்த ஆளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. உடம்பு தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்.

இவர் பேசாமல் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தேன். செகரட்டரி எழுதிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி பீரோவில் கப்பு பளபளவென்று இருந்தது.

"நான் என்னம்மா செய்ய முடியும்? டாக்டர் சரின்னு சொன்னாத்தான் பில்லை மாத்த முடியும். ரூல் அப்படி" என்றார். "முட்டி சரியானதும் அடுத்த சீசனுக்கு வரச் சொல்லு, பார்ப்போம்."

"அன்னிக்கு டாக்டராண்ட போவ வேண்டியவர ஆட்டத்துக்கு இஸ்துகினு போனது நீங்கதானே சார்? அப்போ இந்த ரூலு எங்க போச்சு?"

"நான் கட்டாயப்படுத்தலையே. அவனா வந்தான்."

"பின்னாடி பீரோல வெச்சிக்கீறீங்களே, அந்தக் கப்பு. அதுக்கு மெடிக்கல் பாத்துட்டுதான் உள்ள வெச்சீங்களா? அதுவும் இந்த முட்டியால வந்ததுதான் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வாமே, பேஜார் பண்ணாத, போலாம்" என்று இவர்தான் என்னை வெளியே இழுத்தார். எனக்கு அன்றைக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று கேட்டால் செகரட்டரி மேல் இல்லை, டாக்டர் மேலும் இல்லை. அத்தனைக்கும் பிறகு ஆபீஸ் வாசலில் திரும்பி நின்று, "வரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தாரே, அந்தக் கும்பிடுமேல்தான்.

அந்தச் சனிக்கிழமையே பட்டறைப் பியூன் வந்தான். தகரப் பில்லையை வாங்கிக்கொண்டான். "டீம் சட்டையும் வோணும்க்கா, தொவச்சிக் குடுக்கச் சொன்னாங்க" என்றான். கடைசி ஆட்டத்துச் சட்டை மண்ணும் வியர்வையும் ரத்தமுமாக மூலையில் விறைத்துக் கிடந்தது. முட்டிக்குக் கட்டுப் போட்ட கைக்கு அதைத் தொட நேரமில்லை. அதை அப்படியே சுருட்டி அவன் கையில் வைத்தேன்.

"இன்னாக்கா இது, இப்டியே குடுக்கிற?"

"இப்டியேதான் குடுப்பேன். செகரட்டரி அய்யாவ தொவச்சிக்கச் சொல்லு."

எண்ணூர் உப்பு வரும் கிடங்கு ஒன்றில் மூட்டைகளின் வாயைத் தைக்கிற வேலை பிறகு இவருக்குக் கிடைத்தது. காலை நீட்டி உட்கார்ந்தபடியே செய்யலாம். உப்பு பட்டு விரலெல்லாம் வெடித்துப்போகும். அந்த விரலோடு அடுத்த வருஷம் சீசன் தொடங்கியதும், ஆட்டம் பார்க்கப் போகணும் என்று கிளம்பினார்! மானம் ரோஷம் இருக்கிறதா என்று கத்தினேன். கேட்கவில்லை. தனியாக விட்டால் கூட்டத்தில் இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று நானும் வழக்கத்தை மீறிக் கூடப் போய், சுண்டல் விற்கிற பெண்களுக்குப் பக்கத்தில் நின்றேன்.

இவர் ஆடிய வலது பக்கத்தில் ஒரு புதுப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். இவர் போட்டிருந்த அதே சட்டை, தோளில் நான் போட்ட ஒட்டுத் தையல்கூட அப்படியே இருந்தது. மண்ணும் இல்லை, ரத்தக் கறையும் இல்லை. யாரோ ஒருத்தி உட்கார்ந்து கசக்கு கசக்கு என்று கசக்கி அதைப் பால் மாதிரி வெளுத்திருந்தாள். "நல்லா ஓடுறான்ல?" என்று இவர் என்னிடம் கேட்டார். நான் அந்த ஒட்டுத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு கல்மண்டபம் பக்கத்தில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். புதுசாகக் கல்யாணமான பெண். உள்ளே அடுப்புக்கு மேலே கயிற்றில் அந்தச் சட்டை ஈரத்தோடு தொங்கியது. நான் யார் என்று சொன்னதும் மரியாதையாக உட்காரச் சொன்னாள்.

"உன் வூட்டுக்காரருக்குத் தகரப் பில்லைதானே?" என்றேன்.

"ஆமாக்கா. கப்பு வந்துட்டா மாத்தித் தரேன்னு செகரட்டரி அய்யா சொல்லிக்கீறாரு."

"மொதல்ல டாக்டராண்ட போகச் சொல்லு கண்ணு. அன்னிக்கு எந்த ஆட்டம் இருந்தாலும் பரவால்ல. மெடிக்கல முடிச்சிட்டு அப்பால பந்த தொடச் சொல்லு." எங்களுக்கு நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அந்த மரியாதை முகத்தில் இல்லை.

"உங்க வூட்டுக்காரருக்குக் கெடைக்கலன்னு எங்களுக்கும் கெடைக்கக் கூடாதாக்கா?" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். கப்பு ஆட்டங்கள் தொடங்கியபோது டாக்டர் பட்டறைக்கு வந்த நாளை இவர் மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தப் பையன் பெரம்பூரில் ஆடிக்கொண்டிருந்தான்.