கடிகாரம் நின்றுபோன மழைநாள்

குழந்தைக்குப் பசிக்கிறது என்பதைக் கடிகாரம் சொல்ல வேண்டுமா, குழந்தை சொல்ல வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் இது என்னைப் பிடித்து உலுக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. சென்ற வருடம் மார்கழியில், மலாயாவில் கூலாய்க்கு அப்பால் நாங்கள் இருக்கும் ரப்பர் தோட்டத்தில், அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு நாள்.

என் கணவருக்குத் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை. நான் நாகப்பட்டினத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். விதி என்று எதைச் சொன்னாலும் மீறப் பயப்படுகிறவள். எங்கள் மூத்த பையன் ஒரு வயது நிறையும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அடுத்துப் பிறந்தவள் இந்தப் பெண். அவளுக்குப் பல் முளைக்கும் சமயத்தில், தோட்டம் தோட்டமாக வந்து குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸி எங்கள் வீட்டுக்கும் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தராசைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"நிறை காணாது. கண்ட நேரத்திலை குடுக்கிறியள் போலை. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் குடுக்கோணும். அழுதாலும் உடனை தூக்காதேங்கோ, பிறகு அதே பழக்கமாப் போடும்."

அன்றிலிருந்து சுவர்க் கடிகாரம்தான் எங்கள் வீட்டில் பெரியவர். குழந்தை அழுவாள், நான் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நேரம் வந்ததும் ஓடிப்போய் எடுப்பேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தூங்க வைத்தேன். அவளோடு விளையாடியதாக நினைவில்லை. அவள் பக்கம் போகும்போதெல்லாம் நெற்றி சுடுகிறதா என்றுதான் கை போகும்.

கடிகாரத்துக்கு ஞாயிறுதோறும் சாவி கொடுப்பது என் கணவர். அந்த வாரம் தோட்டத்து வேலையாக ஜொகூர் பாருவுக்குப் போனவர், பாதையில் வெள்ளம் ஏறிவிட்டதால் திரும்பவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பெண்டுலம் அசையாமல் தொங்குகிறது. நானே சாவி கொடுத்தேன். ஓடியது. ஆனால் முள்ளை எங்கே வைப்பது? வெளியே ஒரே சாம்பல் நிறம். விடிந்து வெகுநேரமாயிற்றா, இப்போதுதான் விடிந்ததா என்று சொல்ல முடியவில்லை. மற்ற நாளென்றால் ஆபீஸ் வாசலில் அடிக்கும் மணியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது, மணியும் கிடையாது.

குழந்தை சிணுங்க ஆரம்பித்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடையைப் பிடித்து, பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் மனைவி அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மணி என்னக்கா?"

"அவங்க கடியாரத்தக் கையில கட்டிக்கிட்டு அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களே. ஏன், ரயிலுக்குப் போறியா?"

"பாப்பாவுக்குப் பால் குடுக்கணும்."

"அலமாக்! மணி தெரிஞ்சாத்தான் அதுக்குப் பசிக்குமா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "என்னைக் கேக்காத, தங்கச்சி. எங்க வீட்டுல ரெண்டும் கண்ட நேரத்துல தின்னு வளந்ததுங்க. ஒண்ணு யானை, ஒண்ணு ஓணான். நான் என்னத்தச் சொல்ல?"

வீட்டுக்கு வந்து பாலைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகும் மனம் ஆறவில்லை. சீக்கிரம் கொடுத்துவிட்டேனோ, தாமதமாகிவிட்டதோ என்று அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. மழைக்கு ஒதுங்கிய குட்டித் தவளை ஒன்று கதவிடுக்கால் உள்ளே வந்தது. அது ஒரு தாவு தாவினால் இவள் நாலடி தவழ்கிறாள். கட்டிலுக்கு அடியில் தவளை போயிற்று, இவளும் போனாள். எதையாவது வாயில் போட்டுக்கொள்வாளோ என்று பயந்து நானும் புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தேன். தலையில் சட்டம் இடித்தது. தவளை என் கைமேல் குதித்தது. நான் அலறினேன். என் மகள் சிரித்தாள் பாருங்கள், உடம்பு முழுவதும் குலுங்கக் குலுங்க! அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்திலும் என் சிரிப்பு எனக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது. அது எத்தனை நாளாகக் கேட்காத சத்தம்!

தவளை பலகை இடுக்கு வழியாகப் போய்விட்டது. நாங்கள் இருவரும் தரையிலேயே இருந்தோம். ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தேன். பிசைந்து, பாதியை முகத்தில் அப்பிக்கொண்டாள். மீதியை என் வாயருகே நீட்டினாள்.

"நீ சாப்பிடு கண்ணு."

அவள் கையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன் வாயைத் திறந்து "ஆ…" என்றாள்.

அது நான் செய்வது. தினமும் ஊட்டும்போது என்னை அறியாமல் நான் வாயைத் திறந்து காட்டுவது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இவள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

வாயைத் திறந்தேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எச்சிலும் பழமுமாக அவள் ஊட்டியதைப் போல ருசியாக ஒன்றை, பையன் போன பிறகு நான் சாப்பிட்டதே இல்லை.

இருட்டுகிற நேரத்தில் என் கணவர் முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். முள்ளைத் திருத்தாமலே விட்டிருந்தேன்; அது நாலு மணி காட்டியது.

"என்ன இது, நம்ம வீட்டுல மட்டும் இன்னும் பொழுது விடியலயா? பாப்பா எப்ப சாப்ட்டா?"

"தெரியலங்க" என்றேன். அப்படி ஒரு பதிலை என்னிடம் கேட்டறியாதவர் பயந்துபோய்க் குழந்தையைப் பார்த்தார். அவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்த முறை மிஸ்ஸி வந்தபோது நிறை கூடியிருந்தது. "பாத்தியளே, நேரத்துக்குக் குடுத்த பலன்!" என்று முதுகில் தட்டினார். கடிகாரத்தால் கூடிற்றா, தரையில் உருண்டதால் கூடிற்றா, எப்படியும் கூடியிருக்குமா, எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாள் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியவர். இன்றும் பால் நேரத்துக்குத்தான். இடையில் ஒரு பொழுது மட்டும், மணி பார்க்காமல், நானும் அவளும் தரைக்கு இறங்கிவிடுகிறோம். என் கை இப்போதும் அவள் நெற்றிக்குப் போகிறது. ஆனால் தொட்ட பிறகு அங்கேயே கொஞ்சம் தங்குகிறது. பயந்துகொண்டே சந்தோஷமாகவும் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவள் அவள்தான்.

தை பிறந்ததும் எங்கள் வீட்டில் மறுபடியும் தொட்டில் கட்டப் போகிறோம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய சகோதரிகளே, இந்த முறை நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கட்டுமா, வேண்டாமா? தயவுசெய்து எழுதுங்கள்.