ஏரோப்ளேன் விழுந்த கொல்லை

சண்டை முடிந்து, பட்டாளத்துக்குப் போன ஆண்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு அண்டா நெல்லை அவித்திருக்கலாம். கோலியனூர்க்காரர் ஒருவர் ஒரு கால் இல்லாமல் வந்து இறங்கினார். பார்த்தவர்கள் எல்லாம் பாவம் பாவம் என்றார்கள். எனக்கோ அவர் பெண்டாட்டிமேல் பொறாமையாக இருந்தது. ஒற்றைக் காலோடாவது வந்து சேர்ந்தாரே!

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவர். விழுப்புரம் ஜங்ஷனில் நான்தான் ரயிலேற்றிவிட்டு வந்தேன். பர்மாப் பக்கம் போனார் என்பதுவரை தெரியும். அதற்கப்புறம் ஆளும் இல்லை, சேதியும் இல்லை. விசாரித்தால், காணவில்லை என்றார்கள். காணாமல் போவதற்கு அவர் என்ன ஆடா, மாடா? செத்துவிட்டார் என்று என் மனசுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. என் மாமியார்தான் ஒப்புக்கொள்ளவில்லை. கிளியனூர் ரோட்டில் எந்த பஸ் நின்றாலும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது பெண்டாட்டி அழுதால் அவன் ஆயுசுக்கு ஆகாது, அதனால் நான் அழக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போகிற பெண்கள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. வட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது, அவரவர் பறிகொடுத்ததையும் சொல்லி அழுது தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அது தெரிந்துதான் மாமியார் என்னை ஒரு சாவு வீட்டு வாசலுக்கும் விடவில்லை. ஊரில் எவள் எவளோ அழுதுவிட்டு முகம் தெளிந்து வருவாள். அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை அவர் பேரில் வாய்விட்டு அழவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அப்படி இருக்கையில்தான் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் ஏரோப்ளேன் விழுந்தது. பட்டாளத்துப் பையன்கள் ஓட்டிப் பழகுகிற சின்ன ஏரோப்ளேன். சண்டை முடிந்தும் அவை தலைக்குமேலே சுற்றிக்கொண்டேதான் இருந்தன. நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டோம். அன்றைக்குக் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது அதன் சத்தம் இருமல்காரன்போல விட்டுவிட்டுக் கேட்டது. முதலில் பார்த்தவள் என் ஓர்ப்படி, கொழுந்தனின் பெண்டாட்டி. அவள் கையைக் காட்டுவதற்குள் அது ஒரு பனையை இடித்துக்கொண்டு வந்து, கொல்லை நடுவில் குப்புற விழுந்து பற்றிக்கொண்டது. கிட்டே போக முடியாத அனல். உள்ளே ஒரு பையன் மட்டும். மத்தியானம் பட்டாளத்துக்காரர்கள் வந்து அவனைப் போர்த்தி எடுத்துக்கொண்டு போனார்கள். உடைந்த தகரத்தையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். கரிந்த செடியும் எண்ணெய் நாற்றமும் எங்களுக்கு மிஞ்சின.

சில நாள் கழித்து ஒரு ஜீப் வந்தது. வடக்கத்திப் பெண் ஒருத்தி இறங்கினாள். செத்தவனின் பெண்டாட்டி, இருபது வயசுகூட இருக்காது. ஜீப் ஓட்டி வந்தவர் விழுப்புரத்து ஆள். அவள் பேசியதை எங்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

"எந்த எடத்துல உழுந்தார்னு பாக்கணுமாம். இட்டுக்கினு போங்கம்மா."

ஓர்ப்படி முன்னால் நடந்தாள். ஊர்ப் பெண்களும் கூடவே வந்தார்கள். கரிந்த இடத்தைக் காட்டியதும் அந்தப் பெண் உட்கார்ந்து மண்ணைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் டிரைவரிடம் மெதுவாக என்னவோ கேட்டாள்.

"ரொம்ப நேரம் துடிச்சாரான்னு கேக்குறாங்க."

"இல்லன்னு சொல்லுங்க. உழுந்ததுமே உசுரு போயிடுச்சி. நான் பாத்துக்கினுதான இருந்தேன்" என்றாள் ஓர்ப்படி.

டிரைவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் தலையாட்டினாள். எனக்கு அப்போது வந்த பொறாமை வேறு யார்மேலும் வந்ததில்லை. அவளுக்கு உட்கார ஒரு இடம் இருந்தது. கண்ணால் பார்த்த சாட்சி இருந்தது. கேட்டால் பதில் கிடைத்தது. நான் எந்தக் காட்டில் போய் உட்காருவேன்? துடித்தாரா என்று எவளைப் பிடித்துக் கேட்பேன்? எல்லாம் கிடைத்துவிட்டதடி உனக்கு என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது.

பாஷை தெரியாவிட்டால் என்ன, எங்கள் பெண்களுக்குத் துக்கம் கேட்கத் தெரியும். அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளில் கைபோட்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போவாத."

கையை உதறினேன். ஓர்ப்படியை நகர்த்திவிட்டு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடைத்துக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. ஏரோப்ளேனைச் சொல்லி நான் அழவில்லை. லாரியைச் சொன்னேன், பர்மாவைச் சொன்னேன், ரயிலேறும்போது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் என் குரல் மட்டும் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவள் புருஷனுக்காக நான் அழுவதாக நினைத்து என் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது.

மாமியார் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் எதிரில் குந்தி, முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பொட்டு கலஞ்சி போச்சி. வூட்டுக்குப் போயி வச்சிக்க. எம்புள்ள வந்து பாத்தா இன்னா நெனப்பான்?"

நான் அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அதன்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்ப் பொட்டு வைத்துக்கொண்டேன்.