உள்ளங்கை ஈரம்

அம்மாவின் தையல் பெட்டியில் ஒரு கறுப்பு ஸ்வேடு தோல்துண்டு, வெல்வெட் மாதிரி மெத்தென்று, கிடக்கிறது. அதன்மேல் அப்பாவின் கை வெளிறிப்போய், ஆனாலும் விரல் விரலாகப் பதிந்திருக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பா தோல் வெட்டினார். அங்கேயே செக்கிங் மேஜையில், கறை பட்ட துண்டுகளை ஒதுக்குவது அம்மாவின் வேலை. அப்பா குடியை நிறுத்தச் சிகிச்சை எடுத்துத் திரும்பியிருந்த காலம். இன்னொரு முறை தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனசு தடுமாறுவதற்கு முன்னாலேயே சிலருக்கு உடம்பு காட்டிக்கொடுத்துவிடும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், உள்ளங்கை வேர்க்கும், கவனியுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். படபடப்பை அப்பா மறைத்துவிடுவார். கையை மறைக்க முடியாது. ஸ்வேடில் ஈரக்கை பட்டால் அப்படியே கறையாகத் தெரியும்.

அது அப்பாவுக்கும் தெரியும். ஒருநாள் கை வேர்த்தபோது, மதிய இடைவேளையில் கேரம் ஆட வைத்திருந்த பவுடரை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டு வெட்டப் போனார். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருப்பார், பாவம். கறுப்புத் தோலில் வெள்ளைக் கை விழுந்தது. செக்கிங் மேஜையே சிரித்தது. அம்மா மட்டும் அந்தத் துண்டோடு எழுந்து நேராக அவரிடம் போனாள்.

"இன்னாயா இது? ரொம்ப பேஜாரா இருக்குதா?"

"காலைலேர்ந்து அதே நெனப்புதான். சாய்ந்திரம் நேரா கடைக்குத்தான் போயிருப்பேன். என்ன இட்டுனு போ" என்றாராம் அப்பா. இருவரும் பர்மிஷன் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

அன்றிலிருந்து கம்பெனி விட்டதும் கேட்டிலேயே அம்மா அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். ஈரம் பட்டால் வீட்டுக்கு வராமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிவிடுவார்கள். விவரம் தெரியாதவர்கள் புதுமாப்பிள்ளை, புதுப்பெண் என்று கேலி செய்வார்கள். அப்பா கூச்சத்தில் நெளிவார், ஆனால் கையை இழுத்துக்கொண்டதே இல்லை. அந்த வயதில் எனக்கும் அது காதலாகத்தான் தெரிந்தது. இப்போதும் அப்படித்தான் தெரிகிறது.

போன வருடம் நெஞ்சுவலியில் அப்பா போய்விட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அம்மா பழக்கத்தில் அவர் உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிதான் இருக்குது" என்றாள் என்னிடம். "கடைசி வரைக்கும் தொடவே இல்ல உங்கப்பா."

அதைச் சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

ஸ்வேடு துடைக்கவென்றே ஒரு பிரஷ் உண்டு. நாலு இழுப்பு இழுத்தால் அந்தப் பவுடர் போய்விடும். பிரஷ்ஷும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. அம்மா அதை எடுத்ததே இல்லை.