லண்டன்காரருக்கு விற்ற கடை

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊருக்குப் போகும் ட்ராமில், நனைந்த கம்பளிக் கோட்டோடு ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஈரக் கம்பளி மணம் என்னை, வேல்ஸ் கடற்கரைக் கிராமத்தில் அப்பா நடத்திய கடைக்குள் கொண்டுபோய் விட்டது. மழை நாட்களில் கடை முழுவதும் அந்த மணம்தான். சனங்கள் கோட்டைக் கழற்றாமலே நின்று வெல்ஷ் மொழியில் கதைத்துக்கொண்டிருக்க, நானும் என் தோழி எலெரியும் உருளைக்கிழங்கு மூட்டையில் ஏறி இருந்து அதே மொழியில் சண்டை பிடிப்போம். எனக்கு ஆங்கிலத்துக்கு முன்னரே வந்தது வெல்ஷ்தான்.

பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக லண்டன்காரரின் விடுமுறை வீடுகளாகின. குளிர்காலத்தில் எங்கள் தெருவில் நாலு ஜன்னல்களில்தான் வெளிச்சம் தெரியும். அப்பா விற்பனைக்கு எடுக்கும் பாண் ரொட்டியும் குறைந்துகொண்டே வந்தது. எலெரி குடும்பம் வாடகைக்கு இருந்த வீட்டையும் சொந்தக்காரர் விற்றுவிட்டார். நாங்கள் வீட்டோடு சேர்ந்த கடையை விற்கப்போவதை அறிந்து, தங்களுக்குத் தர முடியுமா என்று அவளுடைய தாய் வந்து கேட்டார். அவர்களால் கொடுக்க முடிந்தது, லண்டன்காரர் ஒருவர் சொன்ன விலையில் பாதிதான்.

"இஞ்சேருங்கோ, பாவம் அந்தச் சனம். அதுகளுக்கே குடுப்பம்," என்றார் அம்மா.

"பாவம் பாத்தால் லண்டனிலை வீடு வாங்க ஏலுமோ?" என்றார் அப்பா.

அப்படி மிச்சம் ஊரில் வாங்கிய வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன்.

புறப்பட்ட காலையில் எலெரி வந்தாள். நான் வெல்ஷில் ஏதேதோ சொன்னேன், கடிதம் போடச் சொல்லிக் கெஞ்சினேன். அவள், விடுமுறைக்கு வந்து போகிறவர்களோடு பேசுவதுபோல, மரியாதையாக, ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.