எதிர்த் தொட்டியில் மணல்

அந்தத் தகரப் பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அப்பா தொட்டுப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனியில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கத் தோன்றாமல், விரலைத் தனியாக நீட்டிப் பிடித்தபடியே பலகையை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். உள்ளே நுழைய ஆளுக்கு ஒரு ரூபாய். பெரிய ராட்டினம் ஆளுக்கு இரண்டு ரூபாய். மடிக்குழந்தைக்கும் டிக்கெட் உண்டு. முதல் தடவை எங்களுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தவருக்கு, இரண்டாம் தடவை உதடு மட்டும்தான் அசைந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி அமாவாசை. மத்தியான வெயிலில் நாங்கள் ஆறு பேரும், தலை வாரி, பவுடர் பூசி, புதுத் துணி மாதிரி மடிப்புக் கலையாத பழைய துணியில், அந்தப் பலகைக்குக் கீழே நின்றோம்.

அதற்கு முந்தைய வருடம்வரை அங்கே வேலியே கிடையாது. கமண்டல நாகநதியில் தண்ணீரைவிட மணல் அதிகமாயிருந்த காலம். ஆடி மாதத்தில் அந்த மணல்மேல் பொருட்காட்சி வந்து இறங்கும். ராட்டினம், குதிரைச் சுற்று, மரணக் கிணறு, ஆளைக் குண்டாகவும் ஒல்லியாகவும் காட்டும் கண்ணாடி, தாம்பாளம் அகலத்துக்கு அப்பளம். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் நடந்து போகலாம். வேடிக்கை பார்ப்பதற்கு யாரும் காசு கேட்டதில்லை. ராட்டினத்துக்கு மட்டும் காசு, அதுவும் தொட்டிக்கு ஒரு ரூபாய். ஒரு தொட்டியில் எத்தனை பேர் திணித்துக்கொண்டாலும் அதே ஒரு ரூபாய்தான். எங்களுக்கு இரண்டு தொட்டி. அப்பா, அம்மா, பெரிய தம்பி ஒன்றில். அத்தை, நான், சின்னவன் இன்னொன்றில். எங்கள் ஊரான ஆரணியில் அமாவாசை அன்று தறி ஓடாது. மாதம் முழுக்கக் காதுக்குள் இடித்துக்கொண்டேயிருந்த சத்தம் அன்று ஒரு நாள் நின்றுபோய், தெருவே காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் எல்லாரும் ஆற்றுக்கு ஓடினோமோ என்று இப்போது தோன்றுகிறது. பொருட்காட்சி வந்து பத்து நாளாகியிருந்தாலும் ஆடி அமாவாசைதான் அதற்கு உண்மையான முதல் நாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. கல்யாணமான சில மாதங்களில் அவள் புருஷன் பெங்களூருக்குத் தறி வேலைக்கென்று போனான், திரும்பவில்லை. செத்துப்போனான் என்று சேதியும் இல்லை, இருக்கிறான் என்று கடிதாசும் இல்லை. அதனால் அத்தைக்குப் பொட்டு இருந்தது, தாலி இருந்தது, ஆனால் நல்ல காரியத்துக்கு அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் மிச்சமிருக்கும் பழைய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதை விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நாள் குனிந்தபடி, அத்தைதான் பிணைப்பாள். பிணைத்து முடித்துப் பாவு ஏறியதும் மஞ்சள், குங்குமம், கற்பூரம். அந்த நேரத்தில் அவள் அங்கே இருக்கமாட்டாள். யாரும் போகச் சொன்னதில்லை. கற்பூர டப்பாவை எடுக்கும் சத்தம் கேட்டதும் தோட்டத்தில் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

ராட்டினக்காரர் ஆற்காட்டுப் பக்கத்து பாய். எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், விடாமல் மழை பெய்து, பொருட்காட்சி ஈயடித்துக் கிடந்ததாம். அமாவாசை அன்று வெயில் அடித்தது. முதலில் போய் நின்றது எங்கள் குடும்பம். அத்தையும் வந்தால்தான் ஏறுவேன் என்று நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு விடாததால் முதலில் தொட்டியில் கால் வைத்தது அத்தை. அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பாய் அதற்கு முன் ஆரணியில் பார்த்ததில்லையாம். மறு வருடம் ராட்டினத்தின் காலடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, ஏற வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா, இவ்ளோ நேரம். ஜல்தி வா தங்கச்சி, போணி பண்ணு."

அத்தை திரும்பி எங்கள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். வரிசையில் நின்ற எங்கள் தெருக் கிழவர் ஒருவர், பாய்க்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "அது வாயாவெட்டி பாய். போயும் போயும் அதுங்கிட்டயா போணி பண்ற" என்றார்.

"அது உங்க ஊட்டுப் பேஜாரு பெரியவரே. என் ராட்டினத்துக்கு இவங்க கைதான். நீ ஏறினா ஏறு, இல்லாங்காட்டி நவுந்து நில்லு."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முதல் தொட்டி அத்தையுடையது. மேலே போகும்போது அவள் கத்துவாள். வீட்டில் அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை. உச்சியில் கோட்டை தெரியும், நெல் வயல் தெரியும், எங்கள் தெருவின் ஓடுகள் தெரியும். "தோ பாரு, நம்ம ஊடு எவ்ளோண்டு கீது பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வருடத்தில் அந்த ஒரு சுற்றில்தான் அவள் எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

இப்போது மறுபடி அந்தத் தகரப் பலகை. புதிதாக யாரோ வெளியூர்க்காரர் மைதானத்தை ஏலம் எடுத்திருந்தார். ஆற்று மணலைச் சுற்றி, அமாவாசைக் கூட்டத்துக்காக இரண்டே நாளில் முளைத்த தகர வேலி, ஒற்றை வாசல், வாசலில் கூண்டு, கூண்டுக்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆள். ராட்டினத்தையும் அவரே வாங்கிவிட்டாராம். பாய் இப்போது கூலிக்கு ஓட்டுகிறார் என்று எங்களுக்கு முன்னால் வந்து நின்றவர்கள் சொன்னார்கள். எங்கள் தெரு மொத்தமும் அங்கேதான் நின்றது. யாரும் உள்ளே போகவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை. வருடா வருடம் கல்யாண வீட்டுக்குப் போவது போல் போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று நீ யார் என்று கேட்டுவிட்டார்கள்.

"இன்னாங்க இது, ராட்டினம் சுத்தறதுக்கு வெல சொல்றானா, ராட்டினத்தையே விக்கறானா" என்றாள் அம்மா.

அப்பா கூண்டுக்காரரிடம் குனிந்தார். "சார், நாங்க வருஷா வருஷம் வர்றவங்க. பாயைக் கேட்டுப் பாருங்க. இன்னிக்கி மொதல் சுத்தே எங்க ஊட்டுதுதான்."

"வருஷா வருஷம் வந்தா காசு வாணாமா? தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

ஆறு பேருக்கும் போட்டுப் பார்த்தால் ஒரு வாரத்து அரிசி. அப்பா அங்கேயே முடிவு செய்துவிட்டார். அவருடைய முடிவுகள் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். "போனா எல்லாரும் போவணும். இல்லன்னா ஒருத்தரும் வாணாம். வாங்க ஊட்டுக்கு." எங்கள் வீட்டில் எதையும் ஒற்றையாக வாங்கியதில்லை. ஒரு வாழைப்பழம் வந்தாலும் ஆறாக நறுக்கப்படும். அழுதுகொண்டிருந்த சின்னவன்கூட அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பினான். நாங்கள் நாலடி நடந்திருப்போம்.

"ஒண்ணு குடுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

அது அத்தையின் குரல். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தறி நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துச் சேர்த்த காசைக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நான் இத்தனை வருடங்களில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். வெள்ளம் பார்த்திருக்கிறேன், நடுக்கூடத்தில் பிணம் பார்த்திருக்கிறேன். அந்த 'ஒண்ணு' மாதிரி எதுவும் என்னை அடித்துப் போட்டதில்லை. என் கையைப் பிடிக்காமல் அத்தை எங்கேயும் போனதில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்குள் நுழைந்தாள். அப்பா அந்தச் சிவப்பு விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலி ஆள் உயரம். ராட்டினம் அதற்கு எவ்வளவோ மேலே. பாய் தொட்டியைப் பிடித்துக்கொள்ள, அத்தை ஏறி உட்கார்ந்தது தகர இடுக்கில் தெரிந்தது. பாய் கையால் தள்ளத் தள்ள, தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து உச்சியில் நின்றது. அப்படித்தான் செய்வார்கள். ஒருவரை ஏற்றி மேலே அனுப்பிவிட்டுக் கீழே வரும் எதிர்த் தொட்டியில் இன்னொருவரை ஏற்ற வேண்டும். பாரம் சமமாக இல்லாவிட்டால் ராட்டினம் நிதானமாகச் சுற்றாது. ஆனால் எதிர்த் தொட்டியில் ஏற யாரும் வரவில்லை. பலகையைப் படித்தவர்கள் எல்லாரும் வெளியிலேயே நின்றார்கள். அத்தை ஆகாயத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானை மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

கூண்டுக்காரர் எழுந்து வந்து கத்தினார். "ஒரு ஆளுக்கெல்லாம் இஞ்சினு போட முடியாது பாய். எறக்கி காசைக் குடுத்து அனுப்பு."

பாய் மேலே பார்த்துக் கேட்டார். அத்தை தலையை அசைத்தது தெரிந்தது. மாட்டேன் என்கிறாள். பாய் வேலியோரம் ஓடி வந்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் தாடி முழுக்க வெளுத்திருந்தது. "அண்ணே, எதிர்ல பாரம் வேணும். புள்ளைங்கள அனுப்புங்க. அந்தாளுகிட்ட நான் பேசிக்கறேன், காசு வாணாம். போணி நின்னு போச்சுண்ணே."

என் கால் தரையில் இல்லை. தம்பிகள் அதற்குள் வேலியில் பாதி ஏறிவிட்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொருவராகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"என் புள்ளைங்க எடைக்கல்லு இல்ல பாய்."

"அண்ணே, தங்கச்சி மேல கீது."

"அவளா போனா. அவளா எறங்குவா."

பாய் திரும்பி ஓடினார். அப்புறம் கூடாரக் கயிறு கட்ட வைத்திருந்த மணல் மூட்டைகளை, ஆற்று மணலேதான், ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்து எதிர்த் தொட்டியில் போட்டார். ஐந்தோ ஆறோ, நான் எண்ணவில்லை. இஞ்சின் உறுமியது. ராட்டினம் சுற்றியது. அத்தை மேலே போகும்போது மூட்டைகள் கீழே வந்தன, அவள் கீழே வரும்போது மூட்டைகள் மேலே போயின. நாங்கள் உட்கார வேண்டிய இடத்தில் மணல் உட்கார்ந்து ஊரைப் பார்த்தது. அத்தை கத்தவில்லை. சிரிக்கவில்லை. முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேலிக்கு மேல் வந்ததும் எங்களைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா கேட்டாள், "புள்ளைங்க மூஞ்சியப் பாத்தும் எப்படிம்மா ஒனக்கு மனசு வந்துச்சி? தனியாப் போயி ஒக்காந்துகினியே."

அத்தை சின்னவனைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவன் வரவில்லை. நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மடக்கிக்கொண்டாள்.

"என்னைய மொதல்ல வான்னு கூப்புடற எடம் அது ஒண்ணுதான் அண்ணி" என்றாள். "அது எவ்ளோ வெல வித்தாலும் நான் போவேன்."

அப்பா முன்னால் நடந்தார். அன்று சாயந்திரம் போளூரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. வாசலைத் தாண்டிக் கூட்டம் நின்றது. மைதானம் நிரம்பியது. எங்கள் தெரு வராமல் போனது அங்கே யாருக்கும் தெரியவேயில்லை. வருடமெல்லாம் அந்தப் பொருட்காட்சிக்காக நாங்கள் காத்திருந்தோமே, அது எங்களுக்காகக் காத்திருந்ததாக நினைத்துக்கொண்டோமே. எனக்கு ஆறாமல் போனது அதுதான்.

ஆவணியில் புதுப் பாவு வந்தது. அத்தை பிணைத்தாள். கற்பூர டப்பா சத்தம் கேட்டதும் எழுந்து தோட்டத்துக்குப் போனாள். அப்பா தீக்குச்சியைக் கிழித்து, கற்பூரத்தில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அவ எங்க?" என்றார். "துணி தொவைக்கறா" என்றாள் அம்மா. குச்சி விரல்வரை எரிந்தது. இன்னொன்று கிழித்துக் கற்பூரத்தை ஏற்றினார். அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் குடும்பமாக எந்த வேடிக்கைக்கும் அதற்குப் பிறகு போகவில்லை. அத்தை மட்டும், பாய் வருவது நிற்கும்வரை, ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தனியாகப் போய்வந்தாள். விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

போன மாதம் சென்னைக்கு வெளியே, கடற்கரைச் சாலையிலிருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு என் மகன், மருமகள், பேத்தியோடு போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரும் எழுத்தில் கட்டணம். வரிசையில் காத்திருக்காமல் முன்னால் போக வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் ஒதுங்கி நின்று, யார் உள்ளே போவது, யார் வெளியே இருப்பது என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது. மகன் கார்டைத் தேய்த்தான். எங்கள் மணிக்கட்டுகளில் நீலப் பட்டை ஒட்டினார்கள்.

ராத்திரி ஆரணிக்குப் போன் செய்தேன். அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சின்னவன் வீட்டில்தான் இருக்கிறாள். விலையைச் சொன்னேன். மயங்கி விழுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அவ்ளோவா" என்றாள், காய்கறி விலையைக் கேட்ட மாதிரி. பிறகு, "மொதல் சுத்துல யார ஏத்தனாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலையே அத்த. அங்க அதெல்லாம் கெடையாது. காசு அதிகமாக் கட்டனவங்க முன்னால போவாங்க."

"யாராவது ஒருத்தரை மொதல்ல வான்னு கூப்ட்டு ஏத்தலாம்" என்றாள்.